உறுத்தாத வீடு

நில இசைவு வாரியத்தின் தலைமை அலுவலகம் ஏரிக்கரையில் பதினோரு மாடி உயரத்துக்கு நிற்கிறது. முழுக்கக் கண்ணாடி. வெயில் ஏறினால் அதிலிருந்து தெறிக்கிற வெளிச்சத்துக்குப் பயந்து எதிர்க்கரையில் நடப்பவர்கள் கையால் கண்ணை மறைத்துக்கொண்டுதான் நடப்பார்கள். உச்சியில் வாரியத்தின் பெயர் ஆள் உயர எழுத்துகளில் பச்சையாக எரியும். சுற்றியிருக்கிற குன்றுகளின் அழகு கெடாமல் பார்த்துக்கொள்வது இந்த வாரியத்தின் வேலை. பார்த்துக்கொள்வது என்றால் உயரம் வேண்டும் அல்லவா?

குன்றில் யார் வீடு கட்டினாலும் வாரியத்தின் சம்மதம் வேண்டும். ஸ்கேல் அங்கே போனது அப்படித்தான்.

ஸ்கேல் ஒரு ஆர்க்கிடெக்ட். கல்லூரியில் ஒல்லியாகவும் நெட்டையாகவும் இருந்தபோது கூட்டாளிகள் வைத்த பெயர். நாற்பது தாண்டி வயிறு முன்னே வந்த பிறகும் பெயர் அப்படியே நின்றுவிட்டது. வளையாதவன் என்ற அர்த்தத்தில் யாரும் அந்தப் பெயரை வைக்கவில்லை என்பதை இப்போதே சொல்லிவிடுவது நல்லது. அவன் ஒரு பெரிய கம்பெனியில், அடுத்தவர்கள் வரைந்த கட்டிடங்களுக்குக் கழிவறை வரைந்துகொண்டிருந்தான். வாஷ்பேசின் எந்தப் பக்கம், குழாய் எந்தப் பக்கம், கதவைத் திறந்தால் முழங்காலில் இடிக்குமா இடிக்காதா. அவன் வேலையை யாரும் குறை சொன்னதில்லை. பாராட்டியதும் இல்லை. கழிவறை நன்றாக அமைந்திருக்கிறது என்று எவர் மேடையேறிச் சொல்லப்போகிறார்?

அப்படிப்பட்டவனை நம்பி அவனுடைய அக்கா ஒரு முழு வீட்டைக் கொடுத்தாள். அவள் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற வேலையிலிருந்து ரிட்டயர் ஆகியிருந்தாள். அவள் புருஷன், அதாவது ஸ்கேலின் மாமா, பஸ் டிரைவராக இருந்து ரிட்டயர் ஆனவர். இருவரும் சேர்ந்து குன்றுச் சரிவில் ஒரு மனை வாங்கியிருந்தார்கள்.

"டேய், ஹால் சின்னதா இருந்தாலும் பரவாயில்ல. கிச்சன்ல ரெண்டு பேர் நிக்க முடியலைன்னாலும் பரவாயில்ல" என்றாள் அக்கா. "ஒரே ஒரு ஜன்னல் மட்டும் பெருசா வெச்சுக் குடு. காலைல எந்திரிச்சா ஏரி தெரியணும். இருட்டு ரூம்ல ஊரார் எலும்பைப் பார்த்தே வயசு போயிடுச்சு."

"எனக்கும் அப்படித்தான் மாப்ளே. முன்னாடி கண்ணாடி இல்லேன்னா எனக்கு உட்காரவே தெரியாது" என்றார் மாமா.

ஸ்கேல் வரைந்தான். கழிவறையிலேயே அடைபட்டிருந்த கை அல்லவா, வெளியே வந்ததும் ஓடியது. வீட்டின் பின்பாதி குன்றுக்குள் போய்விடும். முன்பாதி கான்கிரீட். மனையில் தோண்டியெடுக்கிற பாறையையே உடைத்துக் கான்கிரீட்டில் கலந்தால் குன்றின் நிறம் தானாக வந்துவிடும். கான்கிரீட்டை ஊற்றும் சென்ட்ரிங்குக்குச் சொரசொரப்பான பலகை போட்டால், பலகையின் வரி சுவரில் பதிந்து பாறையின் அடுக்கோடு சேர்ந்துகொள்ளும். கூரைமேல் மண், மண்மேல் புல். முன்சுவர் நீளத்துக்கும் ஒரு ஜன்னல். அதன்மேல் ஆழமான சன்ஷேட், அதனால் கண்ணாடியில் வெயில் படாது. தூரத்திலிருந்து பார்த்தால் பாறையில் ஒரு பிளவு மாதிரி இருக்கும். உள்ளே இருப்பவர்களுக்கு ஏரி முழுக்கத் தெரியும். நல்ல வீடு. அதை வரைந்து முடித்த அன்று அவன் மனைவியிடம்கூடக் காட்டாமல் கொஞ்ச நேரம் தானே பார்த்துக்கொண்டிருந்தான்.

வாரியத்தின் பத்தாவது மாடியில் கூட்டம். ஒரு வீட்டை எடைபோட அங்கே உறுத்தல் பரிசோதனை என்று ஒன்று வைத்திருந்தார்கள். குன்றின் போட்டோவில் வரப்போகிற வீட்டை ஒட்டித் திரையில் காட்டுவார்கள். விளக்கை அணைப்பார்கள். உறுப்பினர்கள் கண்ணை மூடி, மூச்சை நன்றாக இழுத்து விடுவார்கள். மணி அடித்ததும் கண்ணைத் திறந்து, எது முதலில் கண்ணில் படுகிறதோ அதைச் சொல்ல வேண்டும். கண்ணில் பட்டது எதுவானாலும் குற்றம்.

மணி அடித்தது. ஒரு உறுப்பினர் கண்ணைத் திறக்கவில்லை, தூங்கிப்போயிருந்தார். அவருடைய கருத்து 'உறுத்தல் இல்லை' என்று பதிவானது.

"ஜன்னல்" என்றார் காட்சி ஆய்வாளர் அம்மாள். கட்டிடத்துக்குள் இருக்கும்போதும் கழுத்தில் பைனாகுலர் தொங்கவிட்டிருப்பவர். "ஜன்னல் கண்ணடிக்குது."

"மேடம், மேல சன்ஷேட் இருக்கு. கண்ணாடிமேல வெயிலே படாது. நிழல்லதான் இருக்கும்."

"நிழல் விழுதில்ல? பக்கத்துப் பாறையில நிழல் இல்லையே. அப்ப நிழலும் உறுத்துது."

தலைவர் தொண்டையைச் செருமினார். அவர் முன்பு ஒரு பெயின்ட் கம்பெனியில் விற்பனையைப் பார்த்துக்கொண்டவர். நிறங்களைப் பற்றி அவருக்குத் தெரியாதது இல்லை என்று வாரியத்தில் சொல்வார்கள்.

"தம்பி, நாங்கள் வீடுகளுக்கு எதிரிகள் அல்ல. மனிதன் வீட்டில்தான் குடியிருக்க வேண்டும் என்பதை இந்த வாரியம் கொள்கை அளவில் ஏற்றுக்கொண்டுவிட்டது. எங்கள் கேள்வி ஒன்றே ஒன்றுதான். அது வீடு என்று மற்றவர்களுக்கு எதற்காகத் தெரிய வேண்டும்?"

ஸ்கேல் வாய்க்கு வந்ததைச் சொன்னான். "சார், நம்ம ஆபீஸ்கூட கொஞ்சம்…"

தலைவர் கோபித்துக்கொள்ளவில்லை. குழந்தையைப் பார்க்கிற மாதிரி பார்த்தார். "இது பார்க்கிற இடம், தம்பி. பார்க்கப்படுகிற இடம் அல்ல. உங்கள் கண் உங்களுக்கு உறுத்துகிறதா?"

எல்லாரும் மேசையைத் தட்டினார்கள். தூங்கிய உறுப்பினரும் விழித்துக்கொண்டு தட்டினார்.

"இன்னொன்று" என்றார் தலைவர். "அந்தக் குன்றின் கல்லையே உடைத்துக் கலந்திருக்கிறீர்களே, அது யார் யோசனை?"

"என்னோடதுதான் சார்."

"பிரமாதம்."

அவ்வளவுதான் நடந்தது. ஆனால் ஸ்கேல் பத்து மாடியும் படியில் இறங்கினான். லிஃப்டில் நின்றால் தன் முகம் அடுத்தவர்களுக்குத் தெரிந்துவிடும் என்று வெட்கமாக இருந்தது. பிரமாதம் என்ற வார்த்தையை இதற்கு முன் யாரும் அவனிடம் சொன்னதில்லை.

அதற்கப்புறம் அவன் வாரியத்துக்குப் போவதும் வருவதுமாக இருந்தான். ஒவ்வொரு முறையும் வீட்டிலிருந்து ஏதாவது ஒன்று போனது, அவனுக்கு ஒரு பிரமாதம் வந்தது. சுவரின் கோடு நேராக இருக்கிறது என்றார்கள். இயற்கையில் நேர்கோடு கிடையாதாம். ஸ்கேல் மரக்கடை மரக்கடையாக ஏறி இறங்கிக் கோணல் பலகைகளாகப் பொறுக்கினான். நல்ல பலகையை எல்லாம் தள்ளிவைத்துவிட்டுக் கோணலை எடுக்கிற ஆளைக் கடைக்காரர்கள் பரிதாபமாகப் பார்த்தார்கள். பிரமாதம். கதவு இருந்தால் வீடு என்று தெரிந்துவிடும் என்றார்கள். கதவின் வெளிப்பக்கம் கான்கிரீட் பூசி, கைப்பிடியை எடுத்துவிட்டு, ஒரு மூலையில் அழுத்தினால் திறக்கிற மாதிரி செய்தான். பிரமாதம். வீட்டு எண் வேண்டாம். வாசற்படி வேண்டாம், படி என்பது யாரோ ஏறுவார்கள் என்ற எண்ணத்தை உண்டாக்குகிறதாம். வாசற்படி வீட்டுக்குள்ளே நகர்ந்து, கழிவறைக்குப் போகிற நடையில் ஒரு திடீர் இறக்கமாக உட்கார்ந்துகொண்டது.

ஜன்னல் மட்டும் சுருங்கிச் சுருங்கி இன்னும் படத்தில் மிச்சமிருந்தது.

கடைசிக் கூட்டத்துக்கு முன் ஆய்வாளர் அம்மாள் அவனைப் பத்தாவது மாடி லிஃப்ட் வாசலில் நிறுத்தினார்.

"விதியில இடம் இருக்கு சார். மூணுக்கு நாலு அளவுல ஒரு ஜன்னல், கொஞ்சம் உள்வாங்கி வெச்சீங்கன்னா இன்னைக்கே கையெழுத்து ஆயிடும். அது சாதாரண அனுமதி. ஆனா தலைவருக்கு உங்க வீட்டை மாதிரி வீடா அறிவிக்கணும்னு ஆசை. விருது, மேடை, பத்திரிகை எல்லாம் உண்டு. மாதிரி வீடுன்னா ஜன்னல் இருக்கக் கூடாது. எது வேணும்னு யோசிச்சுச் சொல்லுங்க."

"எப்ப சொல்லணும் மேடம்?"

"லிஃப்ட் வர்றதுக்குள்ள."

லிஃப்ட் கீழே இரண்டாவது மாடியில் இருந்தது. ஸ்கேல் அது ஆறாவது மாடிக்கு வருவதற்குள் சொல்லிவிட்டான்.

அன்றைக்கே மனைக்குப் போனான். அக்கா அங்கே பலகைக் குவியல்மேல் உட்கார்ந்து ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாமா கம்பி கட்டுகிறவர்களிடம் பஸ் ஓட்டிய கதை சொல்லிக்கொண்டிருந்தார்.

"ஜன்னலுக்கு விதி இடம் கொடுக்கலைக்கா."

"ஒரு சின்னதுகூடவா?"

"சின்னதுகூட."

அக்கா ஏரியை இன்னொரு முறை பார்த்தாள். பிறகு அவனை நிமிர்ந்து பார்த்தாள். "சரி விடு. நீ என்னடா பண்ணுவே பாவம். எங்களுக்காக எத்தனை தடவை அலைஞ்சிருக்கே, முகமே கறுத்துப் போச்சு" என்று பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்தாள். அவன் குடித்தான். இனிப்பாக இருந்தது. அப்போதுகூட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கான்கிரீட் இன்னும் போட்டிருக்கவில்லை.

வீடு எழும்பியது. எழும்பியது என்று சொல்வதுகூடத் தப்பு. குன்று இருந்தபடியே இருந்தது, சாமான்கள் மட்டும் உள்ளே போயின. வெளிச்சத்துக்குக் கூரையில் இரண்டு துவாரம் இருந்தது. அதன்மேல் புல் சரிந்து விழுந்து, உள்ளே வருகிற வெளிச்சம் குளத்தடித் தண்ணீர் மாதிரி கலங்கலாக இருக்கும். மாமா முன்சுவரைப் பார்த்து நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொள்வார்.

"என்ன மாமா பண்றீங்க?"

"வண்டி ஷெட்லயே நிக்குது மாப்ளே. எடுத்ததும் கிளம்பிடுவேன்" என்பார். சொல்லிவிட்டுத் தானே சிரிப்பார். அக்கா சிரிக்க மாட்டாள்.

குடிவந்த பிறகும் வாரியம் விட்டுவிடவில்லை. மாதிரி வீட்டில் இருப்பவர்களும் மாதிரியாக இருக்க வேண்டாமா? வெளியே வரும்போது பழுப்பு அல்லது சாம்பல் நிறத்தில்தான் உடுத்த வேண்டும் என்றார்கள். துணி வெளியே காயக் கூடாது. விருந்தாளிகள் கும்பலாக வராமல் ஒருவர் போன பின் ஒருவராக வர வேண்டும். மாமாவுக்குத் தும்மல் வந்தால் தகரக் கொட்டகையில் கல் விழுந்த மாதிரி இருக்கும். ஒரு நாள் வாசலில் நின்று தும்மிவிட்டார். எதிர்க்கரையிலிருந்து ஆய்வாளர் அம்மாள் ஸ்கேலுக்குப் போன் செய்தார். "பாறை தும்முது சார். பார்த்துச் சொல்லுங்க." ஸ்கேல் போய் மாமாவிடம் சொன்னான். தன்னைத் தூக்கி வளர்த்த மனிதரிடம், தும்மலை உள்ளேயே முடித்துக்கொள்ளச் சொன்னான். மாமா அதற்கும் தலையாட்டினார். அன்றிலிருந்து தும்மல் வந்தால் தலையணையைத் தேடி ஓடுவார்.

விருது விழா ஒரு பிற்பகல். குன்றுக்கு நேரெதிரே, ஏரிச்சாலை ஓரமாக மேடை போட்டு, நாற்காலிகளைக் குன்றைப் பார்த்து வரிசையாகப் போட்டிருந்தார்கள். பச்சைக் கம்பளம், பச்சை பலூன், ஒலிபெருக்கி. வீடு எங்கே என்று வந்தவர்கள் தேட வேண்டும் என்பது நிகழ்ச்சியின் முக்கிய அம்சம். அதனால் விழா முடிகிறவரை வீட்டுக்காரர்கள் வெளியே வரக் கூடாது என்று தலைவர் கேட்டுக்கொண்டிருந்தார். கதவிடுக்கில் வெளிச்சம் கசியாமல் விளக்குகளையும் அணைத்துவைக்க வேண்டும். கூரைத் துவாரங்களை வாரியமே புல் மெத்தை போட்டு மூடிவிட்டது. இதை அக்காவிடம் போய்ச் சொன்னதும் ஸ்கேல்தான்.

"எங்க தம்பிக்கு விருது குடுக்கிறதை நாங்க பார்க்க வேண்டாமா?"

"வீடியோ எடுக்கிறாங்கக்கா. அப்புறம் போட்டுக் காட்டறேன்."

"சரி. நாங்க சத்தம் காட்டாம இருக்கோம்" என்றாள் அக்கா.

தலைவர் பேச ஆரம்பித்தார். "நண்பர்களே, இன்று நாம் ஒரு வீட்டைக் கொண்டாடக் கூடியிருக்கிறோம். அது எங்கே என்று எனக்கே தெரியவில்லை!" கைதட்டல். "ஒரு சமூகம் முன்னேறிவிட்டது என்பதற்கு என்ன அடையாளம்? அங்கே மனிதர்கள் இருப்பது தெரியக் கூடாது. ஏரி தெரிய வேண்டும், குன்று தெரிய வேண்டும், அவற்றைப் பாதுகாக்கும் வாரியம் தெரிய வேண்டும். வேறெதுவும் தெரியக் கூடாது!"

ஸ்கேலின் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தான். அக்கா. தலைவர் சரியாக அந்த நேரம் "இந்த மாபெரும் கலைஞர்" என்று அவன் பக்கம் கையை நீட்டினார். ஸ்கேல் போனை அணைத்துப் பைக்குள் போட்டுவிட்டு எழுந்து கும்பிட்டான்.

கொஞ்ச நேரத்தில் ஏரிச்சாலையில் ஒரு ஆம்புலன்ஸ் சைரனோடு வந்தது. மேடையைத் தாண்டிப் போனது. வளைவு வரை போய்த் திரும்பி வந்தது. மறுபடி போனது. கடைசியில் கூட்டத்துக்குப் பக்கத்தில் நின்று, டிரைவர் இறங்கி வந்து கத்தினார். "சார், இங்க வீடு எங்க சார் இருக்கு? குன்றுல வீடுன்னு போன் வந்துச்சு. வீடே காணோமே!"

தலைவரின் முகம் மலர்ந்தது. ஒலிபெருக்கியை இன்னும் நெருக்கமாகப் பிடித்தார்.

"கேட்டீர்களா? கேட்டீர்களா? இதைவிட ஒரு சான்றிதழ் யாரால் தர முடியும்? தொழில்முறையில் வீடுகளைத் தேடிப் பிடிக்கிற ஒருவர் சொல்கிறார், வீடே காணோம் என்று! யாரும் காட்டிக்கொடுக்காதீர்கள். அவரே கண்டுபிடிக்கட்டும்!"

கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. ஸ்கேலும் தட்டினான். நான்கு தட்டோ ஐந்து தட்டோ. அதன் பிறகுதான் பையிலிருந்த போன் அவன் நினைவுக்கு வந்தது. கை அந்தரத்தில் நின்றது.

அப்போது குன்றில் ஒரு பாறை திறந்தது. அதற்குள்ளிருந்து ஒரு பெண் சிவப்புப் போர்வை ஒன்றைத் தலைக்கு மேல் சுழற்றிக்கொண்டு வெளியே ஓடிவந்தாள். அவளுக்குப் பின்னால் பாறை தானே மூடிக்கொண்டது. கத்தினாள், ஆனால் கைதட்டலிலும் ஒலிபெருக்கியிலும் குரல் கேட்கவில்லை. மேடையிலிருந்தவர்கள் முகத்தைச் சுளித்தார்கள். ஆய்வாளர் அம்மாள் பைனாகுலரைத் தூக்கினார். "யாரது? பயங்கரமா உறுத்துது!"

"எங்க அக்கா" என்றான் ஸ்கேல். யாருக்கும் கேட்கவில்லை. ஒலிபெருக்கி தலைவர் கையில் இருந்தது. அவன் மேடையிலிருந்து குதித்து, ஆம்புலன்ஸ் டிரைவரின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு சரிவில் ஓடினான். கைப்பிடி இல்லாத கதவை எந்த மூலையில் அழுத்த வேண்டும் என்று அவனுக்குத் தெரியும். அந்தக் கூட்டத்தில் வேறு யாருக்கும் தெரியாது.

மாமா நடையின் இறக்கத்தில் விழுந்து கிடந்தார். விளக்கில்லாத இருட்டில் கழிவறைக்குப் போயிருக்கிறார். தலைக்கு அக்கா வைத்த தலையணையை எடுத்து முகத்தில் அழுத்தி வைத்திருந்தார்.

"வலிக்குது மாப்ளே. சத்தம் போட்டா உன் விழாவுக்குக் கேட்டுடுமேன்னு…"

ஆஸ்பத்திரியில் எடுத்த எக்ஸ்ரேயை அக்கா வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். இடுப்பெலும்பில் ஒரு கீறல், ஆபரேஷன் தேவைப்படாது என்று டாக்டருக்கு முன்பே சொன்னாள். தம்பியை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆஸ்பத்திரி கேன்டீனுக்குப் போய் அவனுக்குச் சாப்பாடு வாங்கிவந்து வைத்தாள். அவள் திட்டினால் தேவலை என்று ஸ்கேலுக்கு இருந்தது. போனை ஏன் எடுக்கவில்லை என்று கேட்டால், சத்தத்தில் கேட்கவில்லை என்று சொல்லத் தயாராக வைத்திருந்தான். அவள் கேட்கவே இல்லை. சொல்லாத பொய் அவன் வாயிலேயே கிடந்தது.

மூன்றாம் நாள் தலைவர் வார்டுக்கு வந்தார். கூட ஒரு போட்டோகிராபர். கையில், மேடையில் கொடுக்க முடியாமல் போன கேடயம்.

"பெரியவர் எப்படி இருக்கிறார்? நன்றாக இருக்க வேண்டும். இது ஒரு வரலாற்று நிகழ்ச்சியில் ஏற்பட்ட காயம்" என்றார் மாமாவிடம். பிறகு கட்டிலின் தலைமாட்டில் நின்றுகொண்டு, வார்டு முழுக்கக் கேட்கிறபடி பேச ஆரம்பித்தார். மேடை இல்லாவிட்டாலும் அவருக்குப் பழக்கம் விடுமா?

"அம்மா, உங்கள் தம்பியைப் பற்றி உங்களுக்கு ஒன்று தெரிந்திருக்க வேண்டும். எத்தனையோ பேர் வாரியத்துக்கு வருகிறார்கள். ஜன்னல் கொடு, கதவு கொடு என்று அழுகிறார்கள். நாங்கள் இரக்கமற்றவர்களா? விதிப்படி உங்கள் வீட்டுக்கு ஒரு ஜன்னல் தாராளமாகக் கொடுத்திருப்போம். நாங்களே கொடுக்கிறோம் என்றோம். இவர் வேண்டாம் என்றார்! லிஃப்ட் வருவதற்குள் சொல்லிவிட்டார்! சொந்த அக்காவின் வீடு என்று பார்க்கவில்லை. விருதுதான் முக்கியம், ஜன்னல் எதற்கு என்றார். அப்படிப்பட்ட உறுதி நூற்றில் ஒருவருக்குத்தான் வரும். அவரை வாரியத்தின் உறுப்பினராக்குவதென்று முடிவு செய்திருக்கிறோம்."

கேடயத்தை ஸ்கேலின் கையில் வைத்தார். போட்டோகிராபர் படம் எடுத்தார். பின்னால் மாமாவின் கட்டு போட்ட உடம்பு தெரிகிறது என்று கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னார். ஸ்கேல் தள்ளி நின்றான்.

அவர்கள் போனதும் பக்கத்துக் கட்டில்காரர் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார். அக்கா மாமாவின் தலையணையை எடுத்துத் தட்டினாள். திருப்பித் தட்டினாள். பஞ்சு சரியாகிவிட்ட பிறகும் தட்டிக்கொண்டே இருந்தாள். ஸ்கேல் "அக்கா" என்றான். அவள் திரும்பவில்லை.

டாக்டர் சுற்றி வந்தார். சின்ன வயசுப் பெண். மாமாவின் காலை மெல்ல அசைத்துப் பார்த்தார்.

"வீட்டுக்குப் போகலாம் ஐயா. ஆனா மறுபடி விழக் கூடாது. எப்படி விழுந்தீங்க, வீட்ல வெளிச்சம் இல்லையா?"

"ஜன்னல் இல்ல டாக்டர்" என்றார் மாமா.

"ஒண்ணுகூடவா? யாரு கட்டினது அந்த வீட்டை?"

மாமா கூரையைப் பார்த்தார். ஸ்கேல் கேடயத்தை, எழுத்து உள்பக்கம் இருக்கும்படி வயிற்றோடு அணைத்துக்கொண்டான். அக்காதான் பதில் சொன்னாள்.

"யாரோ ஒரு ஆர்க்கிடெக்ட் டாக்டர். தெரிஞ்சவர்னு நினைச்சுக் குடுத்தோம்."

டாக்டருக்குக் கோபம் வந்துவிட்டது. சுற்றிப் பார்த்து ஸ்கேலிடம் திரும்பினார். "நீங்க இவங்களுக்கு என்ன வேணும்?"

"தம்பி" என்றாள் அக்கா, அவன் வாய் திறப்பதற்கு முன்பே.

"நீங்களாவது அந்த ஆளைப் பார்த்து, முதல்ல ஒரு ஜன்னல் வெச்சுத் தரச் சொல்லுங்க சார். வயசானவங்க இருக்கிற வீடு. கொஞ்சம்கூட யோசிக்க மாட்டாரா அந்த மனுஷன்?"

"சொல்றேன் டாக்டர்" என்றான் ஸ்கேல்.